எண்ணூர் ரோட்டில் சராசரி வேகம்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈ.சி.ஆர். திருவான்மியூர், முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், பொங்கல் வடை, திரும்பி வீடு. கூடவே ஒரு எண்ணையும் சொல்வார்கள். சராசரி 30, சராசரி 32. ஓட்டிய வேகத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வந்த பிறகு அந்த எண்தான் சவாரியின் ஜாதகம் ஆகிவிட்டது.

இதே ஆட்கள் ராயபுரத்திலிருந்து வடக்கே மிதித்தால் எண் சடாரென்று விழுகிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று ஒரு வழி 50 கி.மீ. சொச்சம். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலமும் சில மேம்பாலங்களும்தான். தாளில் பார்த்தால் ஈ.சி.ஆர். போலவே தட்டையான பாதை. ஆனாலும் 30 காட்டியவர் 22, 23க்கு வந்துவிடுவார். உடனே, ‘அந்தப் பக்கம் ஓட்டவே லாயக்கில்லை’ என்று தீர்ப்பும் வந்துவிடும். என் கட்சி வேறு. சென்னையின் ஆகச் சிறந்த சைக்கிள் பாதை அதுதான். ஓட்டுகிறவருக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்பதை மாமல்லபுரம் ரோடு மறைத்துவிடும். எண்ணூர் ரோடு மறைக்காது.

முதல் சில கிலோமீட்டரில் யாராலும் வேகம் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். ராயபுரம் ரயில் நிலையம் 1856 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது. ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தூண் முகப்பை லாரியும் ஆட்டோவும் மறைக்காமல் பார்க்கக் கிடைப்பது விடியற்காலையில் மட்டும். கொஞ்சம் தள்ளிப் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் கோட்டை கோட்டையாகச் சைக்கிளில் சுற்றி வந்தவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூங்காவின் சுவர் ஞாபகம் வரும். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது; 1749இல் திருப்பிக் கொடுத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து, கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து, அடுத்த பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டார். அந்தக் கிலியில் ஆங்கிலேயர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டின் மேல்தான் பூங்கா இருக்கிறது. பிரெஞ்சு வரலாற்றுக்கு லுவார் பள்ளத்தாக்கு வரை போவானேன், வண்ணாரப்பேட்டை போதும்.

காசிமேட்டில் ஆட்டம் மாறுகிறது. மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோடு வழவழவென்று கிடக்கும். அந்த ஈரத்தில் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளங்களைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். குறுக்கே நேராகத்தான் ஏற வேண்டும். ஞாயிறு விடியலில் மீன் வாங்க வருகிற கூட்டம் வேறு. விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் இதே இடம் பாதி ஓய்ந்திருக்கும்.

அமைதியான ரோடு வேண்டும் என்கிறவர்கள் நாட்காட்டியைத்தான் முதலில் படிக்க வேண்டும். வடக்கில் அமைதி எந்த ரோட்டில் இருக்கிறது என்பதைவிட எந்த நாளில் இருக்கிறது என்பது முக்கியம். துறைமுகத்துக்கு இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை. அதன் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டால் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓரம் என்று ஒன்று இருக்காது. அந்த வரிசையின் இடப்பக்கம் நுழைந்து முந்தலாம் என்று நினைப்பது தற்கொலை. டிரெய்லர் டிரைவருக்கு அந்தப் பக்கம் கண் எட்டாது. ஆனால் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி லாரிகளை நிறுத்திவிட்ட மறுநாள் காலையோ, பொங்கலன்றோ அதே ரோட்டில் போய்ப் பாருங்கள். கடலும் நீங்களும்தான்.

ஐரோப்பாவில் இதற்கு உறவுக்காரப் பாதை எது என்றால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிறவை எதுவும் கிடையாது. பாரிஸ்–ரூபே பந்தயம்தான். 1896இல் தொடங்கியது. ரூபே அப்போது ஒரு துணி ஆலை ஊர். பந்தயத்துக்கு யோசனை சொன்னவர்களும் அந்த ஊர் ஆலை முதலாளிகள். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் பாதை பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்து குதறப்பட்டுக் கிடந்த அந்தப் பிரதேசத்தை ‘வடக்கின் நரகம்’ என்றார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. சுமார் 260 கி.மீ. தூரத்தில் 55 கி.மீ. அளவுக்குக் கருங்கல் பதித்த பழைய வண்டிப்பாதை. மற்ற இடங்களில் தார் போட்டு மூடிய கல்லை, இங்கே ஒரு ரசிகர் சங்கமே பேர்த்தெடுத்துத் திரும்பப் பதித்துப் பாதுகாக்கிறது.

அங்கே 2024இல் பந்தய வீரர் மாத்யூ வான் டெர் பூல் ஓட்டிய சராசரி வேகம் மணிக்கு 47.8 கி.மீ. அந்தப் பந்தயத்தில் அதுவரை இல்லாத வேகம் அது. கடைசி 60 கி.மீ. தனியாகவே போனார். கரடுமுரடில் இந்த வேகமா என்று வாய் பிளக்கும் முன், எப்படி ஓட்டினார் என்று பார்க்க வேண்டும். கல்லின் மேல் அவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதில்லை. பெரிய கியரில், கால் நிற்காமல், உடம்பைத் தளர்த்தி, சைக்கிளைக் கீழே ஆட விடுகிறார். டயரும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஒல்லி டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடைத்ததெல்லாம் போய், இப்போது அங்கே 30, 32 மி.மீ. அகல டயரில் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். குலுங்கலில் வீணாகும் சக்தி மிச்சமாகிறது.

நம் ஈ.சி.ஆர். வீரர் 25 மி.மீ. டயரில் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் அடைத்துக்கொண்டு எண்ணூர் வருகிறார். பத்துக் கிலோமீட்டரில் மணிக்கட்டு மரத்துப் போகிறது, அப்புறம் ஒரு பஞ்சர். கண்ணாடித் துண்டைத் தேடுவார்; குத்தியிருப்பது வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய தலைமுடி கனமுள்ள எஃகுக் கம்பி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, டியூப்பை மாற்றும் முன் டயரின் உட்புறம் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 32 மி.மீ. டியூப்லெஸ் போடுங்கள். சராசரியில் ஒன்றும் குறையாது.

திருவொற்றியூரில் நிறுத்துவதா என்பது சொந்த விருப்பம். சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த தியாகராசர் கோயில் ஒரு பக்கம், கடலோரம் பட்டினத்தார் அடங்கிய இடம் ஒரு பக்கம். இடையில் ஐம்பதுகளில் இந்திய என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் பிறந்த ஆலை. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பலூன் செய்து பிழைக்கத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். இன்னும் வடக்கே, 1948இல் தொடங்கிய அசோக் லேலண்ட். அதற்கப்பால், 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம். கோயிலிலிருந்து கொதிகலன் வரை இத்தனை காலத்தை ஒரு மணி நேரத்துக்குள் மிதித்துக் கடக்கிற ரோடு வேறெங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கடலோர ரோட்டின் நீளமான பகுதியில்தான் காற்று வேலையைக் காட்டும். மேடில்லாத ஊரில் காற்றுதான் மலை. 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 10 கி.மீ. காற்று அடித்தால் அவர் தள்ளவேண்டிய காற்றுத்தடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. மார்ச் முதல் மே வரை தெற்கிலிருந்து வீசும் காற்று வடக்கே போகும்போது முதுகைத் தள்ளும். ‘இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறதே’ என்று மனிதர் மயங்கிவிடுவார். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். போகும்போது 35, வரும்போது 20 என்றால் சராசரி 27.5 என்று நினைப்பார்கள்; 25.5தான் வரும், மெதுவான பாதியில் அதிக நேரம் கழிகிறது அல்லவா. டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். போகும்போது வாடை முகத்தில் அறையும், களைத்துத் திரும்பும்போது கூட வரும். முதல் முறை போகிறவர்களுக்கு அதுதான் சரியான பருவம். பக்கக் காற்றுக்கு ஐரோப்பியர்கள் ரோட்டின் குறுக்கே சாய்வாக அணிவகுப்பார்கள். இங்கே அதைச் செய்யக் கூடாது, பின்னால் வருவது டிரெய்லர்.

கொசஸ்தலை ஆற்றைக் கடந்து அத்திப்பட்டு பக்கம் வரும்போது ரோட்டோரத்தில் நிலக்கரித் தூளும் சாம்பலும் படிந்திருக்கும். இதை மழுப்ப முடியாது. வேகமாக ஓட்டும்போது உள்ளே போகும் காற்று சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு. ஆகவே இந்தப் பகுதியில் முழு மூச்சுப் பயிற்சி வேண்டாம், பேச முடிகிற வேகத்தில் கடந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்தது. நமக்கு அரை மணி நேரம். அங்கே வீடு உள்ளவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அதே காற்று.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் 1681இல் வெட்டி முடித்த மிடி கால்வாயின் கரை இன்று சைக்கிள்காரர்களின் சொர்க்கம். நமக்கும் ஒரு கால்வாய் இருந்தது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் பழவேற்காடு வரை நீண்டு, 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக விரிந்து, பக்கிங்ஹாம் பெயரைச் சுமந்தது. அதன் கரையில் தடையில்லாத பாதை ஒன்று இருந்திருந்தால் லாரிகளின் முகத்தில் விழிக்காமலே பழவேற்காடு ஏரி வரை போகலாம். இப்போதைக்கு அது வரைபடத்தில் மட்டும்.

மீஞ்சூரைத் தாண்டினால் கால் தானாகத் தளரும். பொன்னேரிக்கு அப்பால் திருப்பாலைவனம் வழியே ஏரிக்குப் போகும் ரோட்டில் நெல் வயல், பனை, ஆட்டு மந்தை. 30 வேண்டும் என்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் பழவேற்காடு: டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மேடு, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களின் கல்லறைத் தோட்டம், பருவத்தில் பூநாரைகள்.

பிரான்ஸில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கி.மீ. சவாரிக்கு இப்போது இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். அதிகபட்சம் 90 மணி நேரம், யாருக்கும் முதலிடம் கிடையாது. பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாதையிலுள்ள பிரித்தானிப் பிரதேசத்தின் ஏற்ற இறக்கமும் இரவுக் குளிரும் எண்ணூரில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளம் தப்பிக்கொண்டே இருக்கும் ரோட்டில் நிதானம் தப்பாமல் இருப்பதும், வேகம் விழுவதைப் பார்த்துப் பதறாமல் இருப்பதும் பாதிப் பரீட்சை. அதற்கு இங்கே பயிற்சி உண்டு.

ரூபே பந்தயத்தின் மிகக் கொடிய துண்டு அரென்பெர்க் காட்டுப்பாதை. 1968இல் அதைப் பந்தயத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் 1962 உலக சாம்பியன் ழான் ஸ்டாப்லின்ஸ்கி. இளம் வயதில் அந்தக் காட்டுக்கு அடியிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நம் கிளப்புகள் வடசென்னைக்குப் பாதை போடும்போது கைப்பேசி வரைபடத்தைக் கேட்கின்றன. எந்த வாரம் எந்த கேட்டில் வரிசை நிற்கும் என்பது டிரெய்லர் டிரைவருக்குத் தெரியும். வாடை எத்தனை மணிக்கு விழும் என்பது முகத்துவாரத்தில் வலை வீசுகிறவருக்குத் தெரியும். லேலண்ட் ஷிஃப்ட் விடும் நேரத்தில் எந்தச் சந்து காலியாக இருக்கும் என்று எர்ணாவூரில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான். அவனை இன்னும் எந்தக் கிளப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.