பல தேறும், சில தேறாது: தொடக்கநிலை நிரலாக்கத்தில் பனுவல் சரிபார்ப்பு

தொடக்கநிலை நிரலாக்கப் பாடங்களில் பனுவல் சரிபார்ப்புக்குப் பெரிதும் தரப்படும் பயிற்சிகளுள் கைபேசி எண்ணும் பெயரும் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே தன்மையனவாகக் கருதிக் கற்பிப்பதே இக்கட்டுரை குறைகாணும் இடம். இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம் உடையது. 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்குவது. அதன் வடிவம் விதியால் வகுக்கப்பட்டதாதலின் வடிவ ஒப்பீடு அங்குப் பொருந்தும். பெயருக்கு அத்தகைய விதி இல்லை. எனினும் 'எழுத்துகள் மட்டும்' என்னும் நிபந்தனைக்கு விடையாக ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளே தரப்படுகின்றன. தன் பெயரைத் தமிழில் உள்ளிடும் மாணவர்க்கு அப்பெயர் 'செல்லாது' என்னும் விடையே கிடைக்கிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வாய்பாட்டைத் தமிழுக்கு மாற்ற முனைவோர்க்கு முதலில் தோன்றுவது [அ-ஹ]+ என்பதாகும். பார்வைக்கு அது நிறைவானது. ஆனால் அதில் 'பல' தேறும், 'சில' தேறாது. ஒருங்குறியில் 'சி' என்பது சகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகள். உயிர்க்குறிகளும் புள்ளியும் ஹகரத்துக்குப் பின்னரே இடம்பெறுகின்றன. பைதானின் உள்ளமைந்த கருவியில் சொல்லுக்குரிய குறியீடுகளைச் சுட்டும் சுருக்கக் குறியை ஆண்டாலும் நிலை மாறுவதில்லை. 'தமிழ்' என்பதை அது 'தம', 'ழ' என உடைக்கிறது. இகரக் குறியும் புள்ளியும் உதிர்ந்துபோகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி தமிழ் எழுத்து எதனையும் ஏற்பதில்லை.

'கேரக்டர்' என்பதை 'எழுத்து' என்று பெயர்க்கும் வழக்கத்தில் இக்குழப்பம் வேர்கொள்கிறது. 'தமிழ்' மூன்றெழுத்துச் சொல். பைதான் சொல்லும் நீளமோ 5. இவ்விடைவெளியே நல்லதொரு பயிற்சிக்குக் களமாகும். உயிர் அல்லது ஆய்தம் ஒன்று. அன்றேல் மெய்க்குரிய குறியீடு ஒன்றும், அதனையடுத்து வரக்கூடிய உயிர்க்குறி அல்லது புள்ளி ஒன்றும். இவ்வாறு வாய்பாட்டை அமைத்தால் 247 எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் அதனுள் அடங்கும். எழுத்தெண்ணிக்கையும் சரியாகும். (க்ஷ, ஸ்ரீ ஆகியன இரண்டிரண்டாக எண்ணப்படும், அது தனி வழக்கு.) ஒன்று எஞ்சுகிறது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. வாய்பாடோ பின்னதை ஏற்காது. ஆதலின் ஒப்பீட்டுக்கு முன்னர்ப் பனுவலை ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது. தொடக்கப் பாடங்கள் இப்படியைத் தவிர்ப்பது பெருங்குறையே.

மொழிமுதல் எழுத்து விதியையும் வாய்பாட்டில் ஏற்றலாமே எனத் தமிழாசிரியர்க்குத் தோன்றுதல் இயல்பு. பயிற்சி என்ற அளவில் அது சுவையானது. பெயர்ச் சரிபார்ப்பு என்ற அளவில் ஏற்கத்தக்கதன்று. சகரம் அ, ஐ, ஔ ஆகிய உயிர்களோடு கூடி மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பிய விதி. அதனை அவ்வாறே நிரலாக்கினால் 'சங்கு', 'சட்டி' ஆகியனவும் தேறா. நன்னூல் சகரத்துக்குப் பன்னிரண்டு உயிரையும் உடன்படுகிறது. மெய்ம்முதலாக வரும் 'ப்ரியா' இரு நூல்களுக்கும் உடன்பாடன்று. அப்பெயரை அவ்வாறு எழுதுவோரோ உளர். எழுத்தா என வினவும் வாய்பாடும் இலக்கணம் உடன்படும் சொல்லா என வினவும் வாய்பாடும் வெவ்வேறு. பெயர்ப் படிவத்துக்கு உரியது முன்னது மட்டுமே. 'பல', 'சில', இருவகையாகச் சேமித்த 'கொடி', 'ப்ரியா' ஆகியவற்றைச் சோதனைத் தரவாகக் கொடுத்துவிட்டு வாய்பாட்டை எழுதச் சொன்னால், இவ்வேறுபாட்டை மாணவர் முதல் வகுப்பிலேயே கண்டுகொள்வர்.