நியமனமும் இடைத்தேர்தலும்: குடியாத்தம் 1954 குறித்த ஒரு மறுமதிப்பீடு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானபோது வாக்காளரைச் சந்திக்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவால் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அவரை அடுத்து 1954 ஏப்ரலில் பொறுப்பேற்ற காமராசர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தலில் போட்டியிட்டு வென்றார். முன்னதைப் பின்வாசல் எனவும் பின்னதை மக்கள் தீர்ப்பு எனவும் எதிரெதிரே நிறுத்துவது வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. இவ்வொப்பீடு பாதி உண்மையே.

அரசியலமைப்பின் 164(4)-ஆம் பிரிவு, உறுப்பினரல்லாத அமைச்சர் ஆறு மாதத்திற்குள் உறுப்பினராக வேண்டும் என்கிறது. பேரவையா மேலவையா என வரையறுக்கவில்லை. இலக்கியம், கலை, சமூகப்பணி முதலியவற்றில் தேர்ந்தோரை மேலவைக்கு நியமிக்க 171-ஆம் பிரிவு இடந்தருகிறது. இராஜாஜியின் இலக்கியத் தகுதி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் 375 இடங்களில் காங்கிரசு 152 மட்டுமே பெற்றிருந்த சூழலில், அந்நியமனம் இலக்கியவாதியைச் சிறப்பிக்க அன்று, ஆட்சி அமைக்கவே பயன்பட்டது. விதியின் சொல் காக்கப்பட்டது, நோக்கம் காக்கப்படவில்லை.

இதன் விளைவு 1953-இல் புலப்பட்டது. ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்யும் திட்டம் வந்தது. எதிர்ப்பாளர் அதனைக் குலக்கல்வி என்றனர். எண்ணற்ற குடும்பங்களைத் தொட்ட அத்திட்டத்தைக் கொணர்ந்த முதலமைச்சருக்கு, விடைகூற வேண்டிய தொகுதி என ஒன்றிருக்கவில்லை.

குடியாத்தம் தேர்தலை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். பொதுவாக இடைத்தேர்தல் ஆளும் அரசின் மீதான மதிப்பீடாகக் கொள்ளப்படும். இங்கோ அரசு பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கல்வித் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. காங்கிரசை எதிர்த்து வந்த பெரியாரின் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் காமராசரை ஆதரிக்க, கம்யூனிஸ்டு வேட்பாளர் எதிர்த்து நின்றார். எனவே அவ்வெற்றியை வந்த அரசுக்கான பாராட்டு என்பதினும், போன அரசின் மீதான தீர்ப்பு எனக் கொள்வதே பொருந்தும். ஒரு தொகுதியின் வாக்கு மாநிலம் முழுமைக்கும் சான்றாகாது என்பதும் கருதத்தக்கது.

எனினும் மேலவை திறந்திருந்தும் காமராசர் வாக்காளரையே நாடினார். குடியாத்தத்தின் சிறப்பு வெற்றியில் இல்லை. தோற்கக்கூடிய இடத்திற்கு ஒரு முதலமைச்சர் தாமே சென்றதில் உள்ளது.