வெலிப்: காலித் தூணே அளவுகோல்

பொதுச் சைக்கிள் திட்டத்தை மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளிலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை வண்டி, என்ன எடை, எவ்வளவு கட்டணம், எத்தனை களவு போயின என்று கணக்கு நீள்கிறது. பாரிஸ் நகரின் வெலிப் திட்டத்தைப் பற்றி 2007 முதல் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த வழியில் போனதுதான். இந்த அணுகுமுறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. நாளொன்றுக்கு ஆறு முறை எடுக்கப்படும் சைக்கிள்கூட, பயணத்துக்கு இருபது நிமிடம் என்று வைத்தால், இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. மிச்சமுள்ள இருபத்திரண்டு மணி நேரமும் அது தெருவில் எங்கோ நிற்கிறது. அந்த இடம் எது, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, போய்ச் சேரும்போது அது காலியாக இருக்குமா என்பவையே திட்டத்தின் உயிர்நாடியான கேள்விகள். வெலிப்பை ஒரு நிறுத்துமிடத் திட்டமாக வாசித்தால்தான் அதன் சாதனையும் சறுக்கலும் உரிய அளவில் தெரியும்.

பொதுச் சைக்கிள் பாரிஸில் தொடங்கியதல்ல. ஆம்ஸ்டர்டாமில் 1965-இல் விடப்பட்ட வெள்ளைச் சைக்கிள், லா ரொஷேலின் மஞ்சள் சைக்கிள், கோபன்ஹேகனின் நாணயப் பூட்டு, ரென் நகரின் மின்னட்டை, 2005-இல் லியோனின் வெலோவ் என அந்த வரிசை நீள்கிறது. லியோனில் வெலோவை நடத்திய ஜேசி தெக்கோ விளம்பர நிறுவனமே பாரிஸுக்கும் வந்தது. ஆகவே தொழில்நுட்பக் கண்கொண்டு பார்த்தால், வெலிப் தொடங்கிய 2007 ஜூலை 15 புதிதாக எதையும் தரவில்லை. புதிதாக இருந்தது அடர்த்தி. ஒரே நாளில் சுமார் 750 நிலையங்கள், 10,000 சைக்கிள்கள். நிலையத்துக்கு நிலையம் ஏறத்தாழ 300 மீட்டர். விரைவிலேயே இரண்டும் ஏறக்குறைய இரட்டிப்பாயின. போக்குவரத்து, வளர்ச்சிக் கொள்கை நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி சதுர கிலோமீட்டருக்கு 10 முதல் 16 நிலையங்களை வரையறுக்கிறது. பாரிஸின் பரப்பு 105 சதுர கிலோமீட்டர். நகர எல்லைக்குள் 1,200 நிலையம் என்று கொண்டாலும் அந்த வரம்பை வெலிப் எட்டிவிட்டது. அந்த வழிகாட்டி எழுதப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எட்டிவிட்டது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனை நிலையங்களுக்கும் இடம் எங்கிருந்து கிடைத்தது? பாரிஸை மறுவடிவமைத்த ஓஸ்மன் வகுத்த அகன்ற சாலைகளில் நடைபாதையில் இடமுண்டு. பழைய குடியிருப்புகளின் குறுகிய தெருக்களில் கிடையாது. அங்கே நிலையம் சாலையோரத்தில், அதுவரை கார்கள் வரிசையாக நின்ற பட்டையில் வந்து உட்கார்ந்தது. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். அதே நீளத்தில் ஐந்தாறு சைக்கிள்களைப் பூட்டும் தூண்களை நடலாம். தெருவாசி ஒருவரின் கார் அந்தப் பத்துச் சதுர மீட்டரில் நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஆறு தூண்களோ காலை முதல் நள்ளிரவு வரை பலருக்குக் கைமாறும். மேயர் பெர்ட்ரான் தெலனோயே இந்தக் கணக்கை மேடையில் வாதிட்டு வென்றார் என்று சொல்ல முடியாது. அவர் செய்தது வேறு. காரின் இடத்தை எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பை முன்னிறுத்தாமல், எடுத்த இடத்தில் எல்லோரும் விரும்பும் ஒன்றை வைத்தார். முதல் அரை மணி நேரம் இலவசம், ஆண்டுச் சந்தா 29 யூரோ. வீட்டு வாசலில் இருந்த நிறுத்துமிடத்தை இழந்தவரின் கையிலும் அதற்கு ஈடாக ஒன்று கொடுக்கப்பட்டது. நகரத் திட்டமிடலில் இழப்பையும் ஈட்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வைத்த செயல்கள் மிகக் குறைவு. வெலிப்பின் முதல் தகுதி அதுவே, இன்றுவரை அதன் உயர்ந்த தகுதியும் அதுவே.

அதற்குக் கொடுத்த விலை அத்தனை நேர்த்தியானதல்ல. ஜேசி தெக்கோவுக்கு நகரம் பணம் தரவில்லை. 1,628 விளம்பரப் பலகைகளின் உரிமையைத் தந்தது. தெருவின் ஒரு துண்டைக் காரிடமிருந்து மீட்பதற்கு, இன்னொரு துண்டை விளம்பரத்துக்குக் கொடுத்த ஏற்பாடு அது. இடத்தைப் பொதுவாக்கும் கொள்கைக்குள் இடத்தை விற்கும் முரண் குடியேறியது. அதைவிடக் கடுமையான குறை, நன்றாக நடத்த நிறுவனத்துக்கு ஊக்கம் தரும் அமைப்பில் இருந்தது. சந்தாப் பணம் நகரத்துக்கு, பலகை வருமானம் நிறுவனத்துக்கு. சைக்கிள் நன்றாக ஓடினால் நிறுவனத்துக்குச் செலவு கூடும், வரவு கூடாது. களவும் சேதமும் பெருகியபோது இந்த ஓட்டை வெளிப்பட்டது. முதலில் விட்ட 20,000 சொச்சம் சைக்கிள்களில் 80 விழுக்காடு திருடப்பட்டோ சிதைக்கப்பட்டோ போனதாக 2009-இல் செய்திகள் வந்தன. நகரம் ஒப்பந்தத்தைத் திருத்தி இழப்பில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. விமர்சகர்கள் பலர் இந்த எண்ணிக்கையை வைத்துத் திட்டத்தையே தோல்வி என்று எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. சைக்கிளை மாற்றிவிடலாம், மாற்றவும் செய்தார்கள். சேன் ஆற்றில் பழுதுபார்க்கும் பட்டறைப் படகுகூட ஒன்று ஓடியது. மாற்ற முடியாத பொருளான இடத்தை யாரும் திருடவில்லை.

அந்த ஆண்டுகளில் பயன்படுத்தியவரின் உண்மையான வேதனை வேறொன்று. காலை ஒன்பது மணிக்கு அலுவலகப் பகுதியில் நிலையத்தை அடைகிறார். எல்லாத் தூணும் நிரம்பியிருக்கிறது. தகவல் கம்பத்தில் அட்டையைக் காட்டினால் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், அருகில் எங்கே காலி என்றும் திரை சொல்லும். அங்கே போவதற்குள் அதுவும் நிரம்பியிருக்கும். அதே வேளையில் மோன்மார்த்ர், பெல்வில் மேடுகளின் நிலையங்கள் துடைத்தெடுத்தாற்போல் காலி. காலையில் சரிவில் உருண்டு இறங்கியவர்கள் மாலையில் மெட்ரோவில் ஏறிப் போய்விடுவார்கள். எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு வண்டிகளில் இருக்கை பின்பக்கமாகத் திருப்பப்பட்டிருக்கும். சங்கிலி அறுந்தது, டயர் தட்டையானது என்று அடுத்தவருக்குச் சொல்ல பாரிஸ்காரர்கள் தாமாகவே வகுத்துக்கொண்ட குறிப்பு அது. எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத இந்த வழக்கம், பயனர்கள் திட்டத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டதற்கு வலுவான சான்று. பராமரிப்பு அவர்களை எட்டவில்லை என்பதற்கும் அதே அளவு சான்று.

நிரம்பிய நிலையத்துக்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று லாரியில் சைக்கிளை ஏற்றி மேட்டில் இறக்குவது. மற்றது தூண்களைப் பெருக்குவது. மேலே சொன்ன வழிகாட்டி ஒரு சைக்கிளுக்கு 2 முதல் 2.5 தூண் வேண்டும் என்கிறது. நகராட்சிகள் அந்த நூலில் மிகக் குறைவாகக் கவனிக்கும் வரி இதுதான் என்பது என் எண்ணம். சைக்கிள் வாங்கினால் திறப்பு விழாவில் காட்டலாம். காலித் தூணைக் காட்ட முடியாது. அதோடு, ஒவ்வொரு கூடுதல் தூணும் இன்னொரு காரின் இடத்தைக் கேட்கும். வெலிப் மூன்றாவதாக ஒரு வழியையும் கண்டது. 2008-இல் மேட்டு நிலையங்களை நூறு அளவில் தேர்ந்து, அங்கே சைக்கிளைக் கொண்டு சேர்ப்பவருக்குப் பதினைந்து நிமிடம் பரிசாகத் தந்தது. லாரி செய்யும் வேலையைப் பயனரின் கால்களிடம் ஒப்படைத்து, அதற்கு நேரத்தையே கூலியாகக் கொடுத்த ஏற்பாடு. கருத்தளவில் சிக்கனமும் நேர்த்தியும் உள்ள தீர்வு; ஆனால் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மேட்டில் மிதிக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்ற கேள்விக்கு முன்னால் அது பலவீனமானது.

இங்கே ஒத்தோலிப்பையும் ஒரு கணம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011-இல் பொலோரே குழுமம் தொடங்கிய மின்கார்ப் பகிர்வு அது. பெயரிலும் அமைப்பிலும் வெலிப்பின் தம்பி. கடன் பெருகி 2018-இல் மூடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலாண்மையில் மட்டும் இல்லை. ஒத்தோலிப் காரின் இடத்தை எடுத்துக் காருக்கே கொடுத்தது.

அதே 2018-இல் வெலிப்பும் விழப்பார்த்தது. புதிய ஒப்பந்தம் ஸ்மோவெங்கோ என்ற நிறுவனக் கூட்டமைப்புக்குப் போயிருந்தது. தாளில் படித்தால் இது முந்தையதைவிடத் தெளிவான ஒப்பந்தம். விளம்பரப் பலகையோடு இருந்த முடிச்சு அவிழ்க்கப்பட்டது. சேவைக்குப் பணம் என்ற நேரடி உறவு வந்தது. புறநகர் நகராட்சிகளும் சேர்ந்த பொது அமைப்பு நகரத்தின் பக்கம் பொறுப்பேற்றது. சைக்கிள்களில் 30 விழுக்காடு மின்சக்தி வண்டிகள் என்று வகுக்கப்பட்டது. பச்சை சாதாரண வண்டி, நீலம் மின்வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலையம் நிரம்பியிருந்தாலும் பூட்டப்பட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவே மூன்றாவதைச் செருகி ஒப்படைக்கும் வசதி. காலித் தூண் பிரச்சினையை நேருக்கு நேர் எதிர்கொண்ட முதல் பொறியியல் விடை என்று அதைச் சொல்வேன்.

நடைமுறை இதற்கு நேர் எதிராக அமைந்தது. 2018 ஜனவரி முதல் தேதி வாக்குறுதி அளிக்கப்பட்ட 600 நிலையங்களில் ஒரு சிறு பகுதிதான் தயாராயிருந்தது. மார்ச் முடிவுக்குள் 1,400 என்ற இலக்கும் தவறியது. மின்னிணைப்பு கிடைக்காத நிலையங்கள் மின்கலத்தில் ஓடின; மின்கலம் தீர்ந்தால் சைக்கிள் தூணிலேயே சிறைப்பட்டது. சந்தாதாரர்கள் கூட்டமாக விலகினார்கள். ஸ்மோவெங்கோவின் திறமைக்குறைவு இதில் பெரும்பங்கு வகித்தது, ஐயமில்லை. ஆனால் பிழையின் வேர் ஏலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பத்தாண்டுகளாக வேலை செய்த தூண்களையும், தரைக்கடியில் ஓடிய இணைப்புகளையும் பழைய நிறுவனத்தின் உடைமையாகக் கருதி, அதே குழிகளை மறுபடி தோண்டவைத்த ஏற்பாடு அது. நகரம் தன்னுடையது இடம் என்று நினைத்தது. இடத்தின் மேல் நின்ற கட்டமைப்பைத் தனதாக்கிக்கொள்ள மறந்தது. மக்கள் நம்பி வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்ட ஒரு சேவையை ஒப்பந்த மாற்றத்துக்காக மாதக்கணக்கில் குலைத்ததை எளிதில் மன்னிக்க முடியாது.

நிலையமே வேண்டாம், எங்கும் விட்டுவிட்டுப் போகலாம் என்று அதே காலத்தில் வந்த நிறுவனங்கள் இதற்கு மாற்றாகத் தோன்றின. ஹாங்காங்கிலிருந்து வந்த கோபி.பைக் 2018 பிப்ரவரியில் பிரான்சை விட்டே போனது. மின் ஸ்கூட்டர்கள் நடைபாதையை அடைத்தன. கார் நிறுத்துமிடங்களில் அவற்றுக்கென ஒதுக்கிடம் வகுத்தும் மக்கள் சினம் தணியவில்லை. 2023 ஏப்ரல் வாக்கெடுப்பில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். நிறுத்துமிடத்துக்கு விடை வைத்திராத சேவை பாதசாரியின் இடத்தைத் தின்னும் என்பதே அதன் பாடம்.

இதற்குள் நகரம் வெலிப்பைத் தாண்டிச் சென்றுவிட்டது. மேயர் ஆன் இதால்கோவின் இரண்டாம் ஆட்சிக்காலத்தில் தெருவோரம் இருந்த சுமார் 1,40,000 கார் நிறுத்துமிடங்களில் பாதியை நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-இல் ஒரு வாக்கெடுப்புக்குப் பின் எடை கூடிய கார்களுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ கட்டணம் வந்தது. 2025-இல் மேலும் 500 தெருக்களைக் காரிலிருந்து விடுவிக்க வாக்காளர்கள் ஒப்பினார்கள். 2007-இல் பேசாமல் செய்யப்பட்டது இப்போது பேசிச் செய்யப்படுகிறது, அது வளர்ச்சி. ஆயினும் எடைக் கட்டண வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு, ஆதரவு 54.5 விழுக்காடு. இவ்வளவு மெல்லிய அடித்தளத்தின் மேல் நிற்கும் கொள்கையை அடுத்துவரும் எவரும் அசைக்கலாம். தவிர, பாரிஸ் தெருவாசிகளுக்குத் தங்கள் பகுதியில் விலக்கு; சுமை புறநகரிலிருந்து வருபவர் மேல். வெலிப் நிலையங்கள் அரிதாக இருப்பதும் அந்தப் புறநகர்களில்தான். ஈட்டையும் இழப்பையும் ஒரே இடத்தில் வைத்த 2007-இன் நேர்மை இதில் இல்லை.

பலனோ மறுக்க முடியாதது. பாரிஸ் எல்லைக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு 11.2 விழுக்காடு, காரின் பங்கு 4.3 என்று 2024-இல் பாரிஸ் வட்டார ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. இதில் வெலிப்பின் பங்கைப் பிரித்தெடுக்க இயலாது. தனிப்பாதைகள், தொற்றுக்கால ஏற்பாடுகள் எல்லாம் கலந்திருக்கின்றன. சைக்கிளே வைத்திராத ஒரு தலைமுறையைப் பாரிஸ் தெருவில் மிதிக்கப் பழக்கியது வெலிப் என்பதை நான் தயங்காமல் சொல்வேன். பழகியவர்கள் இன்று சொந்தச் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெலிப்பின் தூணில் இடமில்லை. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தில் 2024-இல் சுமார் 1,200 சைக்கிள்களுக்கான காப்பகம் திறந்தது. 2019-இன் பிரெஞ்சுச் சட்டம் பாதசாரிக் கடவைக்கு முன்னுள்ள ஐந்து மீட்டரில் கார் நிற்பதைத் தடுத்து, அந்த இடத்தைச் சைக்கிள் நிறுத்தத்துக்குத் திறந்துவிட்டது. இவை சரியான திசையில் எடுத்த தாமதமான அடிகள்.

தெரு இடத்தின் மறுபங்கீடாக 2007-இன் வெலிப் முதல் தரம்; ஒப்பந்தமாக இரண்டாம் தரம். 2018-இன் வெலிப் ஒப்பந்தமாக மேம்பட்டது, நிறைவேற்றத்தில் வெகுவாகத் தாழ்ந்தது. பதினைந்தாண்டு ஒப்பந்தம் 2032-இல் முடிகிறது. அடுத்த ஏலத்தின் நிபந்தனைகளை எழுதுகிறவர்கள் தூண்களையும் தரையடி இணைப்பையும் நகரத்தின் சொத்தாக அறிவிக்க வேண்டும். ஓடும் வண்டிக்குப் பணம் கொடுப்பதோடு, காலை ஒன்பது மணிக்கு அலுவலகப் பகுதியிலும் மாலை ஏழு மணிக்கு மேட்டிலும் காலித் தூண் கிடைக்கிறதா என்பதற்கும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் பிடித்தம் செய்ய வேண்டும். சொந்தச் சைக்கிளைப் பூட்டும் கம்பிகளை ஒவ்வொரு நிலையத்தின் பக்கத்திலும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஆவணத்தில் எத்தனை ஆயிரம் புதுச் சைக்கிள்கள் எழுதப்பட்டிருந்தாலும், அதை நிராகரிக்க நகர மன்றத்துக்குப் போதிய காரணம் உண்டு.