நெவாடாப் பாலையில் ஜப்பானிய வீடுகள்

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா அணு ஆய்வுக் களத்தில் 1,527 அடி உயரமுள்ள இரும்புக் கோபுரம் ஒன்று எழுந்தது. 'பிரென்' என்பது அதன் பெயர். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் அதற்குத் தாழ்ந்ததே. 2012 மே 23-இல் அது வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. அதனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உயரத்தை வியப்பதோடு அமைகின்றனர். அதன் காலடியில் நின்ற சிறு வீடுகளை நோக்குவதில்லை. பொருளை விட்டுக் கருவியைப் போற்றும் பார்வை இது.

அவ்வீடுகள் ஜப்பானிய மர வீடுகளின் அமைப்பில் கட்டப்பெற்றவை. 1945-இல் இரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு வெடித்தபொழுது வீட்டினுள் இருந்து உயிர் தப்பியோர் பலர். அவர்கள்பால் எவ்வளவு கதிர் பாய்ந்தது என்று அறியாமல், பின்னர் அவர்களுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கும் கதிருக்கும் உள்ள தொடர்பை அளவிட்டு உரைத்தல் இயலாது. வெட்டவெளியில் பாய்ந்ததைக் கணக்கிடலாம். கூரையும் சுவரும் எவ்வளவைத் தடுத்தன என்பதே சிக்கல். ஆதலின், கவசமற்ற சிறு அணு உலை ஒன்றைக் கோபுரத்தில் ஏற்றியும் இறக்கியும் இயக்கி, வீட்டின் உள்ளும் புறமும் அளந்தனர். மண்சுவருக்கு ஈடாகச் சிமெண்டுக் கல்நார்ப் பலகையை வைத்தனர். கதிரைத் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பது அவர்தம் துணிபு.

ஜப்பானிலோ, தப்பியோரிடம் அந்தக் கணத்தில் எவ்வறையில், எப்பக்கம் நோக்கி இருந்தனர் என்று கேட்டு, வீட்டின் படத்தையும் வரைந்து வைத்தனர். மனித நினைவும் பாலைவன அளவையும் சேர்ந்தே 1965-ஆம் ஆண்டுக் கணக்கு உருவாயிற்று.

அக்கணக்கு நிலைக்கவில்லை. இரோஷிமா வீடுகள் காமாக் கதிரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை உள்ளே விட்டன என்று அது கூறிற்று. கணிப்பொறியின் துணையோடு செய்த 1986-ஆம் ஆண்டுத் திருத்தமோ, பாதியளவே உள்ளே சென்றது என்றது. இரோஷிமாவின் நியூட்ரான் அளவும் பெரிதும் குறைந்தது. இதனைக் கொண்டு, அவ்வீடுகள் வீண் என்பார் கூற்றுப் பொருந்தாது. எதைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்கே முதலில் ஓர் அளவு வேண்டுமன்றோ? ஆயினும், பல ஆண்டுகள் அதனை ஐயமின்றிக் கையாண்டது குறையே. திருத்தம் சிறு செய்தியன்று. தப்பியோரின் நோய்க் கணக்கு மீண்டும் ஆராயப்பெற்ற பின், 1990-இல் கதிர்ப் பணியாளருக்கான ஆண்டு வரம்பை 50 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20 ஆகக் குறைக்குமாறு அனைத்துலகக் கதிர்ப் பாதுகாப்புக் குழு பரிந்துரைத்தது.