இளைஞர் நீதிச் சட்டப் பயிற்சியில் விடுபட்ட ஆசிரியர்

சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களை வயதுவந்தோரின் நீதிமன்றத்திலிருந்து பிரித்து விசாரிக்க வேண்டும் என்பதில் தமிழ்நாடு முன்னோடி. இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1920. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இச்சட்டம் பயிற்சியைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, நியமனமான 60 நாட்களுக்குள் பயிற்சி தர வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பயிற்சி பெற்ற குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சிறைத்துறை அலுவலர்களுக்கென வேலூரில் 1979 முதலே ஒரு பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. ஆக, ஏற்பாடே இல்லை என்று குறைகூற முடியாது. யாருக்குப் பயிற்சி என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

ஒரு சிறுவன் முதன்முறையாகக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டதிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீடு, வருமானம், நட்பு, படிப்பு, பள்ளியை விட்ட காரணம் எல்லாம் அதில் வரும். சிறுவனை அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கும்போது குழுமத்தின் கையில் இருப்பது இந்த அறிக்கை. அலுவலர் அந்தப் பையனை அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். யாரிடம் கேட்பார்?

எங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போன அப்பா வடமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார், மாதக்கணக்கில் வரமாட்டார். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியில் அம்மாவுக்கு இரவு ஷிப்ட். பையனைத் தினமும் பார்க்கிற பெரியவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான். அவருக்கு இந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பி.எட். படித்த காலத்தில் 1986ஆம் ஆண்டுச் சட்டம்கூட வரவில்லை. குமரப் பருவ உளவியல் மட்டும் படித்தோம். பணிக்காலத்தில் போன பயிற்சி முகாம்களுக்குக் கணக்கில்லை. மதிப்பீடு, கணினி, பாடநூல் மாற்றம் எல்லாம் உண்டு. இது மட்டும் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடியதாகப் பிடிபட்டான். விசாரிக்க வந்த அலுவலரிடம் வகுப்பாசிரியர், "அவன் சேர்க்கை சரியில்லைங்க சார்" என்றார். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பையன் முதல் பாடவேளையில் தினமும் தூங்கிவிழுவான் என்பதும், இரவில் தம்பி தங்கைகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றேன், சொல்லவில்லை. போலீஸ் விஷயத்தில் வாத்தியார் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்தவனுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. இச்சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளான சிறுவனுக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டோரின் கொடுங்குற்ற வழக்குகளில்தான் விலக்கு. ஆசிரியர் அறையில் இருந்த எங்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுச் சிறுவன் இறந்தபோது இல்லப் பணியாளர்களே கைதானார்கள். அதன்பின் இல்லங்களின் நிலையை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. அடிக்கக்கூடாது என்று அறிய வகுப்பு வேண்டியதில்லை. அங்கே தேவைப்படுவது கண்காணிப்பும் தண்டனையும். ஆசிரியர் விஷயம் வேறு. எங்களுடையது அசல் அறியாமை, கற்பித்தால் தீரக்கூடியது.

சேலத்தில் அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. (ஊரில் அதற்குச் 'சிறுவர் ஜெயில்' என்றுதான் பெயர். பழிசுமத்தும் சொற்கள் கூடாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்வதை யார் படித்தார்கள்!) சேலம், நாமக்கல் இரண்டு ஊர்களிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.எட். கல்லூரிகளும் நிறைய. சட்ட மாணவர்களும் பி.எட். மாணவர்களும் ஒரு பிற்பகல் ஒன்றாக உட்கார்ந்து, 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் உள்ள 6ஆம் படிவத்தை ஒரு கற்பனைப் பையனுக்காக நிரப்பிப் பார்க்கலாம். 'பள்ளியை விட்ட காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதில் இரு தரப்புக்கும் கட்டாயம் வாக்குவாதம் வரும்.