சொற்போரில் மனம் மாறுமா?

அரங்கில் இருவர் சொற்போர் புரிகின்றனர். அவையோர் கரவொலி எழுப்புகின்றனர். எவர் மனமேனும் மாறுகிறதா? அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பக்லியின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு என்று கருதுகிறோம்.

1965 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை எதிர்த்து அவர் வாதிட்டார். அமெரிக்காவின் செழிப்புக் கனவு கறுப்பின மக்களின் இழப்பில் எழுந்ததா என்பதே பொருள். பால்ட்வினுக்கு 544 வாக்குகள், பக்லிக்கு 164. வெற்றி பெரிதே. ஆயினும், மாணவர்கள் எந்த எண்ணத்தோடு அவைக்கு வந்தனர் என்பதை இறுதி வாக்கு சொல்லுமா?

1968இல் கோர் விடாலும் பக்லியும் தொலைக்காட்சியில் பத்து முறை மோதினர். 2015இல் வெளிவந்த ‘பெஸ்ட் ஆஃப் எனிமீஸ்’ ஆவணப்படம் அதனை நம் கண்முன் நிறுத்துகிறது. படம் முடிந்தபின் நம் நெஞ்சில் தங்குபவை வாதங்கள் அல்ல. ‘நாஜி’ என்ற ஏச்சும், முகத்தில் குத்துவேன் என்ற சீற்றமுமே.

அந்தப் பக்லியே 2004இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். தென்மாநிலங்களின் இன ஒதுக்கல் தானே படிப்படியாய் மறையும் என நம்பியது பிழை. நடுவணரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என்றார். அதனைக் கேட்கப் பால்ட்வின் இல்லை. அவர் 1987இலேயே மறைந்துவிட்டார்.

கேம்பிரிட்ஜ் பேச்சுதான் பக்லியை மாற்றியது என நாம் துணிந்து கூறோம். 39 ஆண்டுகளின் நடப்பும் சிந்தனையும் மாற்றியிருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு: பலர் முன்னே தோல்வியை ஏற்க மறுக்கும் உள்ளம், தனிமையில் உண்மையை ஏற்கக்கூடும். எனவே வாதிடுவோர் எதிரியின் வாயை அடைப்பதைவிட, அவர் பின்னர் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு சொல்லை விட்டுச்செல்வதே மேல்.