கொதித்தாறிய நீரும் கேளாச் செவிகளும்

மக்களின் பழக்கங்களை மாற்ற முனையும் சுகாதார இயக்கங்களைப் பற்றிய எழுத்துக்களிலே பெரூ நாட்டுக் கிராமம் ஒன்று நிலையான இடம் பெற்றுவிட்டது. அதன் பெயர் லொஸ் மொலினொஸ். பெஞ்சமின் போல் தொகுத்து 1955 இல் வெளிவந்த நூலொன்றில் எட்வேட் வெலின் அக்கிராமத்தைப் பற்றி எழுதினார். பின்னர் எவரெற் றோஜர்ஸ் தமது ‘புதுமைகளின் பரவல்’ என்னும் நூலின் முதல் அத்தியாயத்தில் அக்கதையைச் சுருக்கித் தந்தார். அச்சுருக்கத்தையே பல நாட்டு மாணவரும் பாடமாகக் கற்று வருகின்றனர். அவர்கள் கற்கும் பாடம் சரியானதுதானா என்பதே எமது கேள்வி.

கதை இதுதான். ஊரில் 200 குடும்பங்கள். பெரும்பாலோர் அயலிலுள்ள பெருந்தோட்டங்களிற் கூலிக்கு உழைப்பவர்கள். நீர் பெறுவதற்கு மூன்று இடங்கள்: பருவகாலத்தில் மட்டும் ஓடும் பாசன வாய்க்கால், ஒரு மைலுக்கும் அப்பாலுள்ள ஊற்று, பலரும் விரும்பாத பொதுக்கிணறு. மூன்றுமே மாசடையக்கூடியவை. நீர் சுமப்போர் பெரும்பாலும் சிறுவர். குடிநீரைக் கொதிக்கவைக்கும்படி எடுத்துச் சொல்லும் பணி சுகாதாரப் பகுதியின் ஊழியை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வீடு வீடாகச் சென்றார். 21 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் 15 முதல் 25 தடவை வரை சந்தித்தார். வைத்தியர் ஒருவரும் வந்து சொற்பொழிவாற்றினார். இரண்டாண்டு முயற்சியின் பின் அவர் சொற்கேட்டு நீரைக் கொதிக்கவைக்கத் தொடங்கிய குடும்பங்கள் 11 மட்டுமே.

ஏன் இத்தோல்வி? வெலின் தரும் விளக்கம் நுட்பமானது. அவ்வூரார் உண்பவற்றையும் பருகுபவற்றையும் ‘சூடு’, ‘குளிர்’ என வகுப்பவர்கள். நம் வீட்டுப் பாட்டிமார் மாம்பழத்தைச் சூடு என்றும் இளநீரைக் குளிர்மை என்றும் சொல்வதை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. பச்சைத் தண்ணீர் குளிர். நோயாளி குளிரைத் தவிர்க்க வேண்டும். ஆகவே கொதித்த நீர் நோயாளிக்குரியது. உடல்நலமுள்ள ஒருத்தி அதனைப் பருகுவது அவ்வூர் வழக்கிற்கு மாறானது. நோயுற்றிருந்த பெண்ணொருத்தி மரபின்படியே நீரைக் கொதிக்கவைத்தாள். மலைப்பிரதேசத்திலிருந்து வந்து குடியேறி, ஊராரால் அந்நியளாகவே கருதப்பட்ட இன்னொருத்தி ஊழியையின் சொல்லை ஏற்றாள். ஊர்ப்பேச்சால் அவள் இழப்பதற்கு எதுவுமில்லை. ஊரோடு ஒட்டி வாழ்ந்தவளோ மறுத்துவிட்டாள். அறியாமை என்று பிறர் தள்ளிவிடும் ஒன்றினுள்ளே ஒழுங்கான நியாயம் இருப்பதைக் கண்டு காட்டியமை வெலினின் சிறப்பு.

றோஜர்ஸ் இதிலிருந்து பெறும் படிப்பினைகள் வேறு. ஊழியை ஊரிற் செல்வாக்குள்ள பெண்களை விட்டு, செல்வாக்கற்றவர்களிடமே காலத்தைச் செலவிட்டார். இயக்கம் மக்களை நோக்காது புதுமையையே நோக்கி நின்றது என்கிறார் அவர். பொய்யல்ல. ஆயினும் கதையின் தொடக்கத்தில் அவர் போகிறபோக்கில் எழுதிவிடும் ஒரு செய்தியில்தான் எமது கண் நிலைகுத்துகிறது. அவ்வூருக்குச் சுத்தமான நீர் விநியோக முறையொன்றை அமைப்பது சாத்தியமில்லையாம்! யாருக்குச் சாத்தியமில்லை? யார் முடிவு செய்தது? தோட்ட உடைமையாளர் எவரையேனும் யாராவது கேட்டார்களா? இவற்றுக்கு அங்கே விடையில்லை. குழாயும் நல்ல கிணறும் ஆராய்ச்சிக்கு வெளியே தள்ளப்பட்டபின், எஞ்சி நிற்பது பெண்ணும் அவள் அடுப்பும்தான். விறகுக்குச் செலவு, தனிப் பாத்திரம், கொதிக்கவும் ஆறவும் வேண்டிய நேரம் எல்லாம் கூலிக்காரனின் மனைவி தலையில் விழுகின்றன. அவள் ‘மாட்டேன்’ என்றால் அது பண்பாட்டுத் தடை எனப் பெயர் பெறுகிறது.

இப்பார்வை எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பரவல் ஆராய்ச்சி வளர்ந்தது அமெரிக்க விவசாயிகளிடையே. 1943 இல் றையனும் குறொஸும் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவியதை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அதன் மூலக்கற்களுள் ஒன்று. விதையை வாங்குவதா விடுவதா என்பதைத் தன் நிலத்தில் நின்று தீர்மானிக்கும் விவசாயிக்குப் பொருந்தும் சொற்கள், பிறர் வெட்டிய வாய்க்காலில் நீரள்ளும் கூலிக் குடும்பத்துக்கு எவ்வாறு பொருந்தும்? வேடிக்கை என்னவெனில், சமூகத்தின் குறையைத் தனிமனிதர் மீது சுமத்தும் சாய்வு பரவல் ஆராய்ச்சியில் உண்டெனத் தம் நூலின் பிந்திய பதிப்புக்களில் றோஜர்ஸே விரிவாக ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் முதல் அத்தியாயத்துக் கதையை அந்த வெளிச்சத்தில் அவர் திருப்பி எழுதவில்லை.

இன்று சுகாதாரத் திட்டங்கள் பலவற்றில் மக்களின் கருத்தறிதல் என்றொரு பகுதி இடம்பெறுகிறது. சுவரொட்டியின் படம் விளங்குகிறதா, வாசகம் பிடிக்கிறதா எனக் கேட்கிறார்கள். விடைக்கேற்பப் படமும் வாசகமும் மாறுகின்றன, திட்டம் மாறுவதில்லை. லொஸ் மொலினொஸ் பெண்களிடம் முன்கூட்டியே இவ்வாறு கேட்டிருந்தாலும் ‘நீரைக் கொதிக்கவை’ என்ற கட்டளை சற்று இனிமையாக ஒலித்திருக்கும், அவ்வளவே.

மக்களின் குரல் திட்டத்தையே மாற்றிய உதாரணமும் உண்டு. 2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தோரைத் தொட்டுக் கழுவி அடக்கஞ் செய்யும் வழக்கத்தால் நோய் தொற்றியது. வெண்ணிற அங்கியணிந்தோர் வந்து உடல்களை எடுத்துச் சென்றனர். லைபீரியத் தலைநகரில் எரித்தனர். மக்கள் நோயாளரையும் உடல்களையும் மறைக்கத் தொடங்கினர். அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய விதிகள் குடும்பத்தாரையும் மதத்தலைவரையும் அடக்கத்தில் பங்குகொள்ள வைத்தன. முஸ்லிம்களுக்கு நீராட்டுக்குப் பதிலாகத் தயம்மும் செய்யவும் கபனிடவும் வழி செய்யப்பட்டது. இங்கே மாறியது பிரசாரத்தின் சொற்கள் மட்டுமல்ல, அடக்க முறையே மாறியது.

அப்பாடம் இலங்கையை எட்டவில்லை. கொவிட் நோயால் இறந்தோரைப் புதைப்பதற்கும் உலக சுகாதார நிறுவனம் இடமளித்திருந்தும், 2020 ஏப்ரலில் தகனமே கட்டாயம் என இங்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் மக்கள் மன்றாடினர். சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

றோஜர்ஸின் நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வெலினின் மூலக் கட்டுரையையும் தேடி மாணவர் கையிற் கொடுப்பது நன்று. நீர் விநியோகம் பற்றிய அந்த ஒரு செய்தியை அடிக்கோடிட்டு, அதன் மீது வகுப்பில் விவாதம் நடத்தலாம்.